அமலோற்பவம் தன் பெயரில் எழுதிய வரி

தனபால் வகுப்பறை வாசலில் வந்து நின்றபோது நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை சைக்கிள் மிதித்து வந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, அடுக்கிவைப்பவர் அவர். நான் அங்கிருந்து விலகி இந்தக் கல்லூரிக்கு வந்த மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட என்னைத் தேடி வந்ததில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

“அமலம் அம்மா போய்ட்டாங்கம்மா. காலைல காபி எடுத்துக்கினு போய் எழுப்பறாங்க, எழுந்திருக்கல.”

அமலோற்பவத்துக்கு நாற்பத்திரண்டு வயது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டிருந்தது. எத்தனை நாள் என்பது தெரியாதே தவிர, போவது தெரியும். அவளுக்கும் தெரியும், ஆய்வுக்கூட நண்பர்களான உங்களுக்கும் தெரியும். இருந்தும் கையில் சாக்கட்டியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு நினைவில்லை.

அவளோடு வேலை பார்த்த உங்களில் பலர் மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தீர்கள். பெரிய டாக்டர் பேசினார், சாந்தோம் பங்குச் சாமியார் பேசினார். என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். துக்கம் இருந்தது. ஆனால் அவளைப் பற்றி அங்கே நான் எதைச் சொல்ல ஆரம்பித்திருந்தாலும் அது ஓர் இடத்தில் வந்து நின்றிருக்கும். அந்த இடத்தைத் தாண்ட அன்று எனக்குத் தைரியம் இல்லை. இன்று எழுதுகிறேன். மரியாதைக்கு ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும், கை வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அறுபதுகளின் கடைசி. லஸ் பக்கத்து மருத்துவமனையின் பின்கட்டில் நீளமான ஓர் அறை. ஜன்னல் ஓரத்து மேஜை அவளுக்கு, சுவர் ஓரத்து மேஜை எனக்கு. எனக்கு வேலை ரத்தச் சர்க்கரையும் யூரியாவும் பார்ப்பது. அவளுக்குக் கிருமிகள். முதல் நாளே அவள் பக்கத்திலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்து எனக்குக் குமட்டியது. நான் முந்தானையால் மூக்கை மூடியதைப் பார்த்துவிட்டு அவள் ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். வெளிறிய பச்சைக் கூழ்மேல் மிளகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் உலோகம்போல ஒரு பளபளப்பு. “அழகா இருக்கில்ல?” என்றாள். அது டைபாய்டு.

உங்களில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கூழில் கொஞ்சம் இரும்பு உப்பைக் கலந்து வைப்போம். டைபாய்டுக் கிருமி அதில் வளரும்போது கந்தக வாயு ஒன்றை விடும். முட்டை நாற்றம் அதனுடையதுதான். அந்த வாயு இரும்போடு சேர்கிற இடத்தில் இரும்பு சல்பைடு என்ற கறுப்புப் பொருள் படியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று தான் இருக்கும் இடத்தைத் தானே கறுப்பு மையால் எழுதிக் காட்டிவிடுவதாக அமலம் சொல்வாள். ஆனால் அந்த மை உடனே வருவதில்லை. முதல் நாள் தட்டு சுத்தமாக இருக்கும். இரண்டாம் நாள் கறுக்கும். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது இதைத்தான்: “கறுப்பு வரலன்னா கிருமி இல்லன்னு அர்த்தம் இல்ல. இன்னும் வரலன்னு அர்த்தம். ரெண்டாம் நாளும் பாத்துட்டுப் பேசு.”

அந்தக் கறுப்பின் மேல் அவளுக்கு ஒரு பிரியமே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடப் படித்தவளின் கல்யாணத்துக்குப் போய்விட்டு அடையாறு பாலத்தருகே பஸ்ஸுக்காக நின்றோம். கடல் உள்வாங்கியிருந்தது, ஆற்றோரம் முழுக்கச் சேறு. அவள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு குச்சியால் கிளறி, மைபோன்ற சேற்றை ஒரு வாழை இலைத் துண்டில் எடுத்து வந்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். காற்றுப் போகாத ஆழத்திலும் கிருமிகள் உண்டென்றும், நாம் காற்றை வைத்துப் பிழைப்பதுபோல அவை கந்தக உப்பை வைத்துப் பிழைக்கின்றன என்றும், தட்டில் வருகிற அதே இரும்பு சல்பைடுதான் இந்தச் சேற்றின் கறுப்பு என்றும் எனக்குப் பாடம் நடத்தினாள். பஸ் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வெயிலும் காற்றும் பட்டு சேற்றின் ஓரம் பழுப்பாகத் துருவேறிவிட்டது. “பாத்தியா? இது இருட்டுல மட்டும்தான் கறுப்பு” என்று சிரித்தாள்.

எனக்கும் ஒருமுறை அவளுக்குப் பாடம் நடத்தக் கிடைத்தது. நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் படித்தேன்: நம் உடம்பின் செல்களுக்குள்ளே, தின்றதை எரித்துச் சக்தியாக்கும் இடத்தில், இரும்பும் கந்தகமும் கைகோத்துக்கொண்டு சில புரதங்களுக்குள் உட்கார்ந்திருக்கின்றன, அமிலம் ஊற்றினால் அந்தப் புரதம் உடைந்து அதே முட்டை நாற்றம் வரும். இதைச் சொன்னதும் அவள் கையிலிருந்த சோதனைக் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு முழுதாக என் பக்கம் திரும்பினாள். “அப்போ நான் மூச்சு விடறதே இதாலதானா?” என்றாள். ஆமாம் என்றேன். அவளுக்கு மூச்சு ஒரு சாதாரண விஷயம் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கீழே யாரையோ பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு மூச்சு வாங்குவாள். நான் அதைப் புரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று.

இனி நான் தாண்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி. தியாகராய நகரில் ஏழைப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிலையம். மத்தியானம் அங்கேயே சாப்பாடு. ஐந்து பெண்களுக்கு அடுத்தடுத்து டைபாய்டு வந்தது. ஐவரும் பிழைத்துக்கொண்டார்கள். சமையற்கட்டில் வேலை பார்க்கும் ஆறு பேரின் மலத்தை எடுத்துச் சோதிக்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள். நோய் கண்டு தேறிய சிலருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இராது. ஆனால் பித்தப்பையில் கிருமி வருஷக்கணக்கில் தங்கி வெளியே வந்துகொண்டிருக்கும். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நிலையத்துக்காரர்கள் சமையலை உடனே தொடங்க அவசரப்பட்டார்கள். பெரிய டாக்டர் முதல் நாளே பதில் கேட்டார். ஆறு தட்டிலும் கறுப்பு இல்லை. ‘இதுவரை இல்லை, நாளை உறுதி செய்யப்படும்’ என்று எழுதித்தான் அமலம் கொடுத்தாள். அவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துக்கொண்டு அடுப்பை மூட்டிவிட்டார்கள்.

அன்று சாயந்திரம் அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாளைக்கு என்னால வர முடியாது வைதேகி. நெஞ்சு படபடன்னு அடிக்குது. அந்த ஆறு தட்டை மட்டும் பாத்துடு. கறுப்பு வந்திருந்தா டாக்டருக்கு உடனே சொல்லிடு.”

நான் தலையாட்டினேன்.

மறுநாள் அறுபத்துமூவர் உற்சவம். எங்கள் வீடு மாடவீதியில். உள்ளூரிலும் வெளியூரிலும் இருந்த உறவெல்லாம் வாசலில் நின்று சுவாமி பார்க்க வந்துவிடும். ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை; சாவி என்னிடம் இருந்தது. பத்து நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். “ஆத்துல இத்தனை பேர் வந்துண்டிருக்கா, இப்போ எங்க கிளம்பறே?” என்றார் என் மாமியார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். கூட்டம் குறைந்ததும் போகலாம் என்று நினைத்தேன். பிறகு, முதல் நாள் ஒன்றும் இல்லையே, இனி என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். பயிற்சிக்கு வந்தவர்களிடம் அவள் சொன்னதையெல்லாம் பக்கத்து மேஜையிலிருந்து நூறு தடவை கேட்டவள் நான். அப்படியும் நினைத்தேன்.

அடுத்த நாள் அவளைப் பார்க்க சாந்தோம் வீட்டுக்குப் போனேன். ஒரு மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி: “தட்டைப் பாத்தியா?”

“பாத்தேன். ஒண்ணும் இல்லை” என்றேன்.

அவளுக்குக் கவலை வேண்டாமே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. வெட்கத்தினால் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “சரி, நிம்மதி” என்றாள். திரும்பும் வழியில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். பார்த்தால் நான் சொன்னது பொய்யாகிவிடுமோ என்று பயம். போகவில்லை. அதற்கு அடுத்த நாட்களில் தட்டுகளைக் கதகதப்பில் வைக்கும் இன்குபேட்டர் இருந்த மூலைப்பக்கமே நான் திரும்பவில்லை.

அவள் சொல்லாமல் அவளுடைய தட்டுகளைத் தனபால் கழுவமாட்டார். ஆறையும் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் அடிவரிசையில் வைத்துவிட்டார். தையல் நிலையத்தில் மறுபடி மூன்று பெண்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். அவர்களில் கல்யாணி என்ற பெண்ணுக்குக் குடலில் ஓட்டை விழுந்து, அறுவை செய்தும் பிழைக்கவில்லை. பதினெட்டு வயது. அமலம் வேலைக்குத் திரும்பிய அன்று காலைதான் அந்தச் செய்தி வந்தது. அவள் கைப்பையைக்கூட மேஜையில் வைக்கவில்லை. நேராகப் போய், தனபால் வைத்திருந்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கூழ் காய்ந்து சுருங்கியிருந்தது. ஐந்து தட்டுகளில் ஒன்றுமில்லை. ஆறாவதில் எட்டுப் பத்து கறுப்புப் புள்ளிகள். காய்ந்த பிறகும் அந்தப் பளபளப்பு போகவில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. அவள் தட்டைக் கவிழ்த்தாள். தட்டின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து, சமையற்கட்டில் சட்னி அரைக்கும் முனியம்மாவுடையது என்று கண்டுபிடித்து, அன்றே புதிய மாதிரி வாங்கிவர ஆள் அனுப்பினாள். அதிலும் இரண்டாம் நாள் கறுப்பு வந்தது.

பெரிய டாக்டர் அறைக்கு அவள் பதிவேட்டோடு போனாள். நானும் பின்னால் போனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போன உயிர் திரும்பப் போவதில்லை, இரண்டாவது மாதிரியில் கண்டுபிடித்ததாக மட்டும் அறிக்கை அனுப்பலாம், பழைய தட்டைக் கழுவப் போட்டுவிடு என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். மருத்துவமனைப் பெயரும் அவளுடைய வேலையும் அவர் மனதில் இருந்தன.

“பதிவேட்டுல ஏறிட்டா அப்புறம் அடிக்க முடியாது, அமலம்.”

“அதுக்காகத்தான் சார் எழுதறேன்.”

அங்கேயே நின்றபடி எழுதினாள். ‘இத்தட்டுகள் இரண்டாம் நாள் பார்க்கப்படவில்லை. தவறு என்னுடையது. அமலோற்பவம்.’ என் வாய் திறந்தது. அவள் பதிவேட்டை மூடிக்கொண்டு, “வா, வேலை கெடக்குது” என்று என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டாள். நான் வந்துவிட்டேன்.

அந்த வரிக்காக அவளுக்கு ஆறு வருஷம் பதவி உயர்வு வரவில்லை. அவளைவிடப் பின்னால் வந்தவர்கள் அவளுக்கு மேலே போனார்கள். காரணம் உங்களில் பலருக்கு அரைகுறையாகத் தெரியும். ‘அமலம் ஒருதரம் ஒரு தட்டை மறந்துட்டா, பாவம்’ என்று நீங்கள் பேசிக்கொண்டதை நானும் கேட்டிருக்கிறேன். மறந்தது அமலம் இல்லை.

முனியம்மா விஷயத்தை அவள் யாரிடமும் விடவில்லை. கோட்டூர்புரத்துக்கு இப்பால் ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தவள் முனியம்மா. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போனபோது வாசலில் நின்று கத்தினாள்.

“எனக்கு இன்னா நோவு கீது? ஒரு நாளு படுத்திருப்பனா? என் கையால துன்ன பொண்ணு அது. நானா அத்த சாவடிச்சேன்?”

அமலம் அந்த மண்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு உட்கார்வதும் எழுவதும் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். “நீ ஒண்ணும் பண்ணல முனியம்மா. உன் உடம்புல இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சு சொல்ல வேண்டியவ நான். நான்தான் சொல்லல” என்றாள். முனியம்மா கத்துவதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

பித்தப்பையை எடுக்கவேண்டும் என்றார்கள். முனியம்மாவின் புருஷன் முடியாது என்றான். நாலு வாரம் போய்ப் போய்ப் பேசி அவனைச் சம்மதிக்க வைத்தாள். அறுவைக்குப் பிறகு மாதாமாதம் மாதிரி வாங்கினாள். ஒவ்வொன்றையும் இரண்டு நாள் அல்ல, நாலு நாள் வைத்துப் பார்த்தாள். ஒரு வருஷம் கறுப்பே வரவில்லை. அதன்பிறகு முனியம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பெருக்கும் வேலை கிடைத்தது. சமையற்கட்டுக்கு மட்டும் அவள் திரும்பிப் போகவில்லை, அவளே மறுத்துவிட்டாள்.

நான் ஆய்வுக்கூடத்தை விட்டது சம்பளத்துக்காக என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் எதிரில் தினமும் உட்கார முடியவில்லை, அதுதான் காரணம். அவள் என்னிடம் முன்னைப்போலவேதான் இருந்தாள். டிபனைப் பாதி பிட்டு வைப்பாள், என் சர்க்கரைக் கணக்கைக் கேலி செய்வாள். அது இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

கடைசியாகப் பார்த்தது போன மாதம். கால் வீங்கி, கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கும் நிலைமை. ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது. அதைக்கூட அவளால் முழுசாக இழுக்க முடியவில்லை. அவளுடைய அண்ணி வெளியே போனதும் நான் சொன்னேன்: “அமலம், அன்னிக்கு நான் பார்க்கலை. பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

“ஏன் என் பேரைச் சொல்லலை?”

மூச்சு சேர்த்துக்கொண்டு பேச அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “தட்டு என்னுது. நான் உங்கிட்ட விட்டேன். அது என் தப்பு.” பிறகு இன்னும் கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு, “உன் தப்ப நான் எப்படி எழுதறது? அது நீ எழுதறது” என்றாள்.

அவள் குரலில் கசப்பு இல்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்நுனி நீலமாக, ஜில்லென்று இருந்தது.

அவளை அடக்கம் செய்த எட்டாம் நாள், கல்யாணியின் அப்பாவைத் தேடிக்கொண்டு போனேன். சங்கரலிங்கம், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர். கடைக்குப் பின் சந்தில் ஓர் அறையில் குடியிருக்கிறார். அன்று கடைக்கு வார விடுமுறை. வாசலில் நின்றே சொன்னேன். அறுபத்துமூவர், செருப்பைக் கழற்றியது, ‘பாத்தேன், ஒண்ணும் இல்லை’ என்றது, எல்லாம். சொல்லிமுடித்தபோது அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அந்த அம்மா இங்க வந்தாகளே” என்றார். “கல்யாணி போன வாரமே வந்து இந்த இடத்துலதான் நின்னாக. என்னாலதான் உங்க பொண்ணு போச்சுன்னாக. நான் என்னென்னமோ பேசிப்புட்டேன். வாயில வரக்கூடாததெல்லாம் பேசினேன். அவுக நின்னு கேட்டுட்டுப் போனாக. உங்க பேரைச் சொல்லவே இல்லியே.”

எனக்கு இது தெரியாது. அவள் இங்கு வந்ததை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் இறந்துவிட்டாள் என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. “அவுககிட்ட நான் பேசினதெல்லாம் உங்ககிட்டப் பேச வேண்டியது” என்றார். “ஆமாம், பேசுங்க” என்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். “அதுக்கு இப்ப எனக்குத் தெம்பு இல்லம்மா.”

நண்பர்களே, அந்தப் பதிவேடு இன்னும் அங்கே அலமாரியில்தான் இருக்கிறது. பெரிய டாக்டரிடம் அனுமதி கேட்டு, போன திங்கட்கிழமை போய் அவளுடைய வரிக்குக் கீழே என் வரியை எழுதினேன். தனபால் பக்கத்தில் நின்றார். அவளுடைய வரியை யாரும் அடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், அது அவளுடையது.

அமலத்தின் நினைவாக என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று யாராவது கேட்டால், சங்கரலிங்கம் என்னிடம் பேசாமல் விட்ட அந்த வார்த்தைகளைத்தான் என்பேன். அவற்றை எனக்குப் பதிலாக அவள் நின்று வாங்கிக்கொண்டாள். அவர் என்றைக்காவது தெம்பு வந்து கூப்பிட்டால் போய் அந்த வாசலில் நிற்பேன்.